முகவரியை எண்ணாக்கிப் பூட்டி வைக்காதீர்கள்: லைப்ரரி எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத நினைவகத்தைத் தானாகவே விடுவிக்கும் பகுதி) உள்ள மொழிகளில் லைப்ரரி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று பொதுவில் வைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் லைப்ரரிகளை நம்பித்தான் என்னைப் போன்றவர்கள் நிரல் எழுதுகிறோம். பார்சர், டேட்டாபேஸ் டிரைவர், சீரியலைசர் என்று நாங்கள் தொடாத, தொட நேரமும் இல்லாத பகுதிகளையெல்லாம் நீங்கள் எழுதித் தந்திருக்கிறீர்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். பாயின்டரை (நினைவக முகவரியைச் சுட்டும் மதிப்பை) எண்ணாக மாற்றி, அந்த எண்ணை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, வேறொரு வரியில் அதை மறுபடி பாயின்டராக்கும் வழக்கத்தை உங்கள் நிரல்களிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்கவே முடியாத இடம் என்றால், அது அங்கே இருக்கிறது என்பதையாவது எங்களிடம் சொல்லிவிடுங்கள்.

சி மொழியில் காலங்காலமாகச் செய்வதுதானே, இதில் என்ன பெரிய ஆபத்து என்று சிலர் கேட்கிறார்கள். சி மொழியில் நினைவகத்துக்குப் பொறுப்பு எழுதுபவர் கையில் இருக்கிறது. நீங்கள் ஃப்ரீ செய்யும்வரை அந்த இடம் உங்களுடையது. நீங்களாக நகர்த்தாமல் அது நகராது. கார்பேஜ் கலெக்டர் உள்ள மொழியில் அந்தப் பொறுப்பை ரன்டைமிடம் (நிரலோடு கூடவே ஓடும் மொழியின் பகுதியிடம்) ஒப்படைத்துவிட்டோம். அது குளோபல் மாறிகள், ஸ்டேக் (ஃபங்ஷன் அழைப்புகளின் தற்காலிக நினைவகம்), ரெஜிஸ்டர்கள் ஆகியவற்றில் தொடங்கி, பாயின்டர் பாயின்டராகப் பின்தொடர்ந்து போய், எட்ட முடிந்ததை உயிரோடு வைக்கிறது, எட்டாததை விடுவிக்கிறது. எது பாயின்டர், எது எண் என்பதை டைப்பை வைத்துத்தான் முடிவு செய்கிறது. கோ மொழியின் யூஇன்ட்பிடிஆர், சி ஷார்ப்பின் இன்ட்பிடிஆர், ஜாவாவில் முகவரியைப் போட்டு வைக்கும் லாங், எல்லாமே அதற்கு வெறும் எண்கள்தான். ஆக, மாற்றிய அந்தக் கணத்திலேயே இரண்டு பிடிகள் விட்டுப்போகின்றன. அந்த எண் எதையும் உயிரோடு வைத்திருக்காது. பொருள் இடம் மாறினால் அந்த எண்ணை யாரும் திருத்தவும் மாட்டார்கள்.

கோ மொழிக்காரர்களிடம் இதைச் சொன்னால், "எங்கள் ஹீப்தான் நகராதே" என்பார்கள். ஹீப் என்பது கலெக்டர் பார்த்துக்கொள்ளும் பொது நினைவகப் பகுதி. இன்றைய கலெக்டரைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஸ்டேக் நகரும். 2014இல் வந்த 1.3 பதிப்பில், துண்டு துண்டாக இருந்த ஸ்டேக்குகளை விட்டுவிட்டு ஒரே தொடர்ச்சியான ஸ்டேக்குக்கு மாறினார்கள். அதே ஆண்டு இறுதியில் வந்த 1.4இல் கோரூட்டினின் (கோ மொழியில் தனித்து ஓடும் பணியின்) தொடக்க ஸ்டேக் அளவை 8 கேபியிலிருந்து 2 கேபியாகக் குறைத்தார்கள். இடம் போதாதபோது ரன்டைம் இரு மடங்கு பெரிய ஸ்டேக் ஒன்றை ஒதுக்கி, பழையதில் இருந்ததை அப்படியே நகலெடுத்து, ஸ்டேக்குக்குள் சுட்டிக்கொண்டிருந்த பாயின்டர்களை எல்லாம் புதிய இடத்துக்குத் திருத்துகிறது. பாயின்டர்களை மட்டும்தான் திருத்துகிறது என்பதைக் கவனியுங்கள்.

இதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு ஃபங்ஷனுக்குள் சிறிய ஸ்ட்ரக்ட் ஒன்று இருக்கிறது. முதல் வரியில் அதன் முகவரியை அன்சேஃப் பாயின்டர் (மொழியின் டைப் சோதனையைத் தாண்டிப் போகும் பாயின்டர்) வழியாக யூஇன்ட்பிடிஆர் ஆக்கி ஒரு மாறியில் வைக்கிறீர்கள். இரண்டாவது வரி ஒரு சாதாரண லாக். மூன்றாவது வரியில் அந்த எண்ணோடு ஒரு ஃபீல்டின் ஆஃப்செட்டைக் கூட்டி, பாயின்டராக்கி, அங்கே ஒரு மதிப்பை எழுதுகிறீர்கள். பார்த்தால் ஒரு குற்றமும் தெரியாது.

கம்பைலர் என்ன பார்க்கிறது? அந்த ஸ்ட்ரக்ட்டின் முகவரி ஃபங்ஷனைத் தாண்டி வெளியே போகவில்லை, எண்ணாக மாறியதோடு சரி. அதனால் அதை ஹீப்புக்கு அனுப்பாமல் ஸ்டேக்கிலேயே வைத்துவிடுகிறது. லாக் அழைப்பு ஃபார்மேட்டிங், இன்டர்ஃபேஸ், ரைட்டர் என்று ஆழமாக இறங்கும்போது ஸ்டேக் போதாமல் போகிறது. ரன்டைம் முழு ஸ்டேக்கையும் வேறு இடத்துக்கு நகர்த்துகிறது. ஸ்ட்ரக்ட்டும் கூடவே போய்விட்டது. உங்கள் மாறியில் இருப்பதோ பழைய முகவரி. பழைய ஸ்டேக் விடுவிக்கப்பட்டு, வேறொரு கோரூட்டினுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். இப்போது மூன்றாவது வரி அந்த இன்னொரு கோரூட்டினின் ஸ்டேக்கில் எழுதுகிறது. அங்கே இருந்தது ஒரு லூப் கவுன்ட்டராக இருக்கலாம், திரும்பிப் போக வேண்டிய முகவரியாகவும் இருக்கலாம்.

கிராஷ் ஆவது அந்த இன்னொரு கோரூட்டின். ஸ்டேக் ட்ரேஸில் அதன் ஃபங்ஷன்கள்தான் வரிசையாக இருக்கும். உங்கள் லைப்ரரியின் பெயர் அதில் எங்குமே இருக்காது. அந்த ட்ரேஸை வைத்துக்கொண்டு உங்கள் மூன்று வரிகளுக்கு எங்களால் வந்து சேர முடியுமா? பெரும்பாலும் முடியாது. ஒரு பாவமும் அறியாத எங்கள் நிரலையே திரும்பத் திரும்பப் பிரித்து மேய்ந்துகொண்டிருப்போம்.

உங்கள் டெஸ்டுகளில் இது ஏன் வருவதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. டெஸ்டில் அழைப்புச் சங்கிலி குட்டையானது. ஸ்டேக் வளர வேண்டிய தேவையே வராது. அல்லது முதல் டெஸ்டிலேயே வளர்ந்து முடிந்திருக்கும். எங்கள் நிரலில் உங்கள் ஃபங்ஷனை அழைக்கும் நேரத்தில் ஏற்கெனவே இருபது முப்பது அடுக்கு இறங்கியிருப்போம். விளிம்பில் நின்றுகொண்டிருக்கும் ஸ்டேக்கை உங்கள் லாக் வரி தள்ளிவிடும். டெஸ்ட் எல்லாம் பச்சை என்பது இந்த வகைத் தவறுக்கு எந்தச் சாட்சியும் ஆகாது.

சரியான வழி என்ன என்பது எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. கோ மொழியின் அன்சேஃப் பேக்கேஜின் ஆவணம் பாயின்டர் மாற்றத்துக்கு ஆறு முறைகளைச் சொல்கிறது. அவற்றுக்கு வெளியே எழுதியது இன்று ஓடினாலும் நாளைக்கு உத்தரவாதம் இல்லை என்றும் சொல்கிறது. எண்ணாக்குவது, கூட்டுவது, திரும்பப் பாயின்டராக்குவது மூன்றும் ஒரே எக்ஸ்பிரஷனில் இருக்க வேண்டும். சிஸ்டம் காலுக்கு (ஆபரேட்டிங் சிஸ்டத்தை அழைப்பதற்கு) முகவரியைக் கொடுக்கும்போது, எண்ணாக்கும் செயல் அந்த அழைப்பின் ஆர்க்யுமென்ட் பட்டியலுக்குள்ளேயே நடக்க வேண்டும். அப்படி எழுதினால்தான் கம்பைலர் அதை அடையாளம் கண்டு, அழைப்பு முடியும்வரை அந்தப் பொருளை நகர்த்தாமல், விடுவிக்காமல் பிடித்து வைக்கும்.

கோட் ரிவ்யூ செய்பவர்களும் இங்கே காது கொடுக்க வேண்டும். "இந்த வரி ரொம்ப நீளமாக இருக்கிறது, ஒரு மாறியில் போட்டுப் பிரித்து எழுதுங்கள்" என்பது வேறெங்கும் நல்ல யோசனை. இங்கே அந்த யோசனைதான் சரியான நிரலைத் தவறான நிரலாக்குகிறது. கம்பைல் ஆகும், டெஸ்ட் ஓடும், வரியும் அழகாகிவிடும், பாதுகாப்பு மட்டும் போய்விடும். அதனால் அப்படிப்பட்ட வரிக்கு மேலே "இதைப் பிரிக்கக் கூடாது, ஏனென்றால்" என்று ஒரு கமென்ட் கட்டாயம் வேண்டும். எழுதியவருக்குத் தெரிந்திருக்கும். மூன்று ஆண்டு கழித்துச் சுத்தம் செய்ய வருபவருக்குத் தெரியாது.

அப்புறம், ஸ்ட்ரிங்குக்கும் (எழுத்துச் சரம்) பைட் ஸ்லைஸுக்கும் (பைட்டுகளின் வரிசை) இடையிலான மாற்றம். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை, ஏனென்றால் இதுதான் எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கிறது. பைட் ஸ்லைஸை நகலெடுக்காமல் ஸ்ட்ரிங் ஆக்கும் அந்த ஒற்றை வரி ஒரு லைப்ரரியிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டப்பட்டுக்கொண்டே போகிறது. அதன் பழைய வடிவங்களில் ஒன்று ரிஃப்ளெக்ட் பேக்கேஜின் ஸ்ட்ரிங்ஹெடரைத் தனி மாறியாக உருவாக்கி, அதில் முகவரியை நிரப்புவது. அந்த ஹெடரில் முகவரி இருக்கும் ஃபீல்டின் டைப்பே யூஇன்ட்பிடிஆர்தான். ஆக, நிரப்பியதற்கும் ஸ்ட்ரிங் ஆக்கியதற்கும் இடையில் கலெக்டர் வந்தால், அந்த பைட்டுகளை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இதற்காகவே 1.17இல் அன்சேஃப் ஸ்லைஸும், 2023 தொடக்கத்தில் வந்த 1.20இல் அன்சேஃப் ஸ்ட்ரிங், ஸ்ட்ரிங்டேட்டா, ஸ்லைஸ்டேட்டா ஆகியவையும் வந்தன. 1.21இல் அந்த ஹெடர் டைப்புகளையே கைவிடச் சொல்லிவிட்டார்கள். இன்னும் பழைய வடிவத்தையே வைத்திருக்கும் லைப்ரரிகள் இதை மாற்றுவதற்கு ஒரு மாலை நேரம் போதும்.

ஆனால் புதிய ஃபங்ஷனுக்கு மாறியதும் எல்லாம் சரியாகிவிடாது. நினைவகம் உயிரோடு இருக்கும். உள்ளடக்கம் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஸ்ட்ரிங் மாறாது என்பது மொழி கொடுத்த வாக்கு. நகலெடுக்காமல் ஆக்கிய ஸ்ட்ரிங்கோ உங்கள் பஃபரின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அந்த பஃபரை வேலை முடிந்ததும், மறுபடி பயன்படுத்துவதற்கான பூலுக்குத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். அடுத்த கோரிக்கை வருகிறது, அதே பஃபரில் வேறு பைட்டுகள் விழுகின்றன. இதற்கிடையில் நாங்கள் நீங்கள் கொடுத்த ஸ்ட்ரிங்கை ஒரு மேப்பில் கீயாக வைத்திருக்கிறோம். கீயின் ஹாஷ் (எங்கே தேடுவது என்று சொல்லும் எண்) பழைய எழுத்துகளுக்குக் கணக்கிட்டது, உள்ளே இருப்பதோ புதிய எழுத்துகள். அந்தப் பதிவைப் பழைய பெயரிலும் தேடி எடுக்க முடியாது, புதிய பெயரிலும் அநேகமாக எடுக்க முடியாது. மேப்பை முழுக்கச் சுற்றி வந்தால் மட்டும் தென்படும். அதைவிட மோசமானது, ஒருவருடைய டோக்கனோ மின்னஞ்சல் முகவரியோ இன்னொருவருடைய பதிலில் போய்ச் சேருவது. அப்போது கிராஷ் வராது, எர்ரர் லாக் வராது. யாரோ ஒருவருடைய தனிப்பட்ட விவரம் சத்தமில்லாமல் வெளியே போயிருக்கும்.

எதிர்த் திசையிலும் அப்படித்தான். ஸ்ட்ரிங்கை நகலெடுக்காமல் பைட் ஸ்லைஸ் ஆக்கி, அதில் யாராவது எழுதினால், அந்த ஸ்ட்ரிங் நிரலிலேயே எழுதப்பட்ட லிட்டரலாக இருக்கும் பட்சத்தில், அது எழுத அனுமதியில்லாத நினைவகப் பகுதியில் இருக்கும். நிரல் அங்கேயே செத்துவிழும். வழக்கமான பேனிக் மாதிரி ரிகவர் போட்டு இதைப் பிடிக்கவும் முடியாது. ஒரு கோரிக்கையில் நடந்த தவறுக்கு முழு பிராசஸும் போகும்.

வேகம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் எந்த இடத்தில் வேண்டும் என்று அளந்து பார்த்தீர்களா? மேப்பில் தேடும்போது பைட் ஸ்லைஸை அந்த இடத்திலேயே ஸ்ட்ரிங் ஆக்கி எழுதினால், கோ கம்பைலர் நகல் எடுப்பதே இல்லை. இரண்டு ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடுவதற்காக மட்டும் மாற்றினாலும் அப்படித்தான். நான் படித்துப் பார்த்த பல லைப்ரரிகளில், தந்திரத்தை எடுத்துவிட்டுச் சாதாரண மாற்றத்தை எழுதினால் நஷ்டம் இல்லாத இடங்களிலேயே தந்திரம் இருந்தது. உண்மையிலேயே சூடான, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் இடம் ஒன்றிரண்டு இருக்கும். அங்கே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த ஸ்ட்ரிங் உங்கள் பேக்கேஜைத் தாண்டி எங்கள் கைக்கு வரக் கூடாது. வெளியே கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள்.

"ரன்டைம் எழுதுபவர்களே இதைச் செய்கிறார்களே" என்பது இன்னொரு வாதம். செய்கிறார்கள்தான். முகவரியை எண்ணாக்கி, பூஜ்யத்தோடு எக்ஸார் செய்து, எஸ்கேப் அனாலிசிஸின் (பொருள் ஸ்டேக்கிலா ஹீப்பிலா என்று முடிவு செய்யும் கம்பைலர் பகுதியின்) கண்ணில் படாமல் மறைக்கும் தந்திரம் கோவின் சொந்தக் களஞ்சியத்திலேயே இருக்கிறது. ஆனால் கலெக்டரை மாற்றுபவர்களும் அந்தத் தந்திரத்தைத் திருத்துபவர்களும் அங்கே ஒரே குழுதான். ஒன்றை மாற்றினால் மற்றதையும் அதே நேரத்தில் மாற்றிவிடுவார்கள். நீங்கள் அதைப் பிரதி எடுத்து வைத்தால், அவர்கள் மாற்றுவது உங்களுக்குத் தெரியவே வராது. 2020இல் வந்த 1.14 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு ஒரு கோரூட்டினைப் பெரும்பாலும் ஃபங்ஷன் அழைப்பின்போதுதான் நிறுத்த முடியும். 1.14இலிருந்து ஏறக்குறைய எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்றானது. "இந்த இரண்டு வரிக்கு நடுவில் ஃபங்ஷன் அழைப்பே இல்லை, அதனால் ரன்டைம் குறுக்கே வராது" என்று கணக்குப் போட்டு எழுதியவர்களின் அடிப்படையே அன்று மாறிவிட்டது. மொழி உங்களுக்கு அந்த வாக்கை எப்போதும் கொடுத்திருக்கவில்லை.

தலைகீழ் மாற்றம் ஒன்றும் இருக்கிறது. சி லைப்ரரிக்கு யூசர் டேட்டா என்று ஒரு பாயின்டர் கொடுக்க வேண்டியிருக்கும். கையில் இருப்பதோ ஏதோ ஒரு அடையாள எண். அதைப் பாயின்டர் டைப்புக்குள் திணித்து அனுப்பிவிடுவார்கள். இப்போது கலெக்டர் அதைப் பாயின்டர் என்றே நம்பிப் பின்தொடரப் பார்க்கும். அந்த எண் தற்செயலாக ஹீப் எல்லைக்குள், ஒதுக்கப்படாத ஒரு பகுதியில் விழுந்தால், ஹீப்பில் மோசமான பாயின்டர் இருக்கிறது, அன்சேஃப் அல்லது சிகோவைத் (கோவிலிருந்து சி நிரலை அழைக்கும் வசதியை) தவறாகப் பயன்படுத்தினீர்களா என்று கேட்டுவிட்டு நிரல் நின்றுவிடும். 1.17இல் வந்த சிகோ ஹேண்டில் இந்தத் தேவைக்காகவே செய்யப்பட்டது. அதுபோல, அரேயின் கடைசி உறுப்பைத் தாண்டி ஓர் அடி தள்ளிச் சுட்டுவது சி மொழியில் சட்டப்படி சரி. கோ மொழியில் அது தவறு, ஏனென்றால் அந்த முகவரி பக்கத்தில் இருக்கும் வேறொரு பொருளுடையது.

முகவரி மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். திறந்த கோப்புக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் தரும் ஃபைல் டிஸ்கிரிப்டரும் ஓர் எண்தான். கோப்புப் பொருளிடமிருந்து அந்த எண்ணை வாங்கிக்கொண்டு பொருளை மறந்துவிட்டால், கலெக்டர் பொருளை எடுத்துவிடும், பொருள் போகும்போது ஓடும் ஃபைனலைசர் கோப்பை மூடிவிடும். ஆபரேட்டிங் சிஸ்டம் அதே எண்ணை அடுத்துத் திறக்கும் சாக்கெட்டுக்குக் கொடுத்துவிடும். நீங்கள் கோப்பில் எழுதுவதாக நினைத்து யாருடைய இணைப்பிலோ எழுதிக்கொண்டிருப்பீர்கள். பொருளை அதுவரை உயிரோடு வைக்கும் கீப்அலைவ் 1.7இல் வந்தது, ஒரே ஒரு வரி. அதைப் போட மறக்காதீர்கள்.

ஜாவா, சி ஷார்ப் பக்கம் இருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் கறார். அங்கே ஹீப்பே நகரும். ஜாவாவில் ஒரு பொருளை அரேயில் போட்டு, ஜாவாவின் அன்சேஃப் என்ற உள் வகுப்பு வழியாக அந்த இடத்திலிருக்கும் பிட்டுகளைப் படித்து "முகவரி" எடுக்கும் தந்திரத்தை இன்னும் சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். கம்ப்ரெஸ்டு (சுருக்கிய) பாயின்டர் இருந்தால் அந்த 32 பிட் எண் முழு முகவரியே அல்ல. ஸெட்ஜிசி கலெக்டர் என்றால் பாயின்டரின் சில பிட்டுகளில் கலெக்டரின் சொந்தக் குறிப்புகள் இருக்கும். எல்லாம் சரியாகக் கணக்கிட்டு எடுத்தாலும் அடுத்த சுற்றில் பொருள் வேறு இடத்தில் இருக்கும். 2024 மார்ச்சில் வந்த ஜேடிகே 22இல் வெளி நினைவகத்துக்கான புதிய ஏபிஐ முழுமையடைந்தது. அதே ஆண்டு ஜேடிகே 23இல் பழைய அன்சேஃபின் நினைவக மெத்தடுகளை நீக்கப்போவதாக அறிவித்தார்கள். ஜேடிகே 24 ஓடும்போதே எச்சரிக்கிறது. புதிய ஏபிஐயில் மூடிய அரீனாவைத் (நினைவகத்தை ஒன்றாக ஒதுக்கி விடுவிக்கும் தொகுப்பை) தொட்டால் எக்ஸெப்ஷன் வரும், பிராசஸ் சாகாது. மாறாமல் இருப்பதற்கு இனி எந்தக் காரணமும் இல்லை.

சி ஷார்ப்பில் ஃபிக்ஸ்டு பிளாக்குக்குள் (பொருளை நகராமல் பிடித்து வைக்கும் பகுதிக்குள்) எடுத்த பாயின்டரை ஒரு ஃபீல்டில் சேமித்து, பிளாக் முடிந்த பிறகும் பயன்படுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பிளாக் முடிந்ததும் அந்தப் பிடி போய்விடுகிறது. நேட்டிவ் (சி போன்ற வெளி நிரல்) பக்கம் கால்பேக்காகக் கொடுத்த டெலிகேட்டை (ஃபங்ஷனைச் சுட்டும் பொருளை) நம் பக்கம் எங்கும் பிடித்து வைக்காமல் விடுவது அடுத்தது. நேட்டிவ் நிரல் வைத்திருக்கும் முகவரியைக் கலெக்டர் பார்க்காது. சிறிது நேரம் ஓடும், பிறகு ஒருநாள் இல்லாத ஃபங்ஷனை அழைக்கும்.

இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டால், கோ மொழியில் எழுதுபவர்களுக்கு முதல் வேலை எளிது. கோவோடு வரும் வெட் என்ற சோதனைக் கருவி அன்சேஃப் பாயின்டரைப் பற்றி எச்சரித்தால் அதை அணைத்து வைக்காதீர்கள். 1.14இலிருந்து செக்பிடிஆர் என்ற சோதனை இருக்கிறது. ரேஸ் டிடெக்டரோடு டெஸ்டுகளை ஓட்டினால் அதுவும் தானாகவே சேர்ந்து ஓடும். பாயின்டர் கணக்கு மூலப் பொருளைத் தாண்டிப் போகிறதா, அலைன்மென்ட் சரியா என்று பார்க்கும். எல்லாவற்றையும் பிடிக்காது, ஆனாலும் உங்கள் சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும் சோதனைத் தொடரில்) அது இல்லாமல் ஒரு வெளியீடும் போகக் கூடாது. அன்சேஃப் தொடர்பானவற்றை ஒரே ஃபைலில் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பாயின்டர் மாற்றத்துக்கும் மேலே, ஆவணத்தின் ஆறு முறைகளில் இது எது என்று எழுதுங்கள். எதிலும் சேராவிட்டால் அங்கே ஒரு பிழை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ப்யூர்கோ போன்ற ஒரு பில்ட் டேகில் (கம்பைல் செய்யும்போது தேர்ந்தெடுக்கும் குறியில்) அன்சேஃப் இல்லாத வடிவத்தையும் கொடுங்கள். கொஞ்சம் மெதுவானதே போதும் என்று எடுத்துக்கொள்ள எங்களில் பலர் தயாராக இருக்கிறோம். அந்தத் தேர்வு எங்களுக்கு இன்று இல்லை.

ரீட்மியின் முதல் பக்கத்தில் "இந்த லைப்ரரி அன்சேஃப் பயன்படுத்துகிறது, இந்தக் காரணத்துக்காக, இந்த இடங்களில்" என்று இரண்டு வரி போடுங்கள். பெஞ்ச்மார்க் அட்டவணைக்கு அங்கே இடம் இருக்கிறது என்றால் இதற்கும் இருக்கும். நினைவகப் பாதுகாப்பு வேண்டும் என்றுதான் நாங்கள் இந்த மொழிகளையே தேர்ந்தெடுத்தோம். அதை எங்கள் பெயரில் விட்டுக்கொடுக்கும் முடிவை நீங்கள் எடுத்திருந்தால், எங்களுக்குத் தெரிய வேண்டும்.

கடைசியாக ஒன்று. யாராவது வந்து, "எப்போதாவது ஒருமுறை கிராஷ் ஆகிறது, மறுபடி வரவழைக்க முடியவில்லை, ட்ரேஸில் உங்கள் லைப்ரரி இல்லை, ஆனாலும் சந்தேகமாக இருக்கிறது" என்று இஷ்யூ போட்டால், மறு உருவாக்கம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி அதை உடனே மூடிவிடாதீர்கள். முதலில் உங்கள் அன்சேஃப் ஃபைலைத் திறந்து வரி வரியாகப் படியுங்கள். இந்த வகைத் தவறு அப்படித்தான் வந்து நிற்கும்.

இப்படிக்கு,
உங்கள் லைப்ரரிகளின் மேல் நிரல் எழுதும் ஒருவர்